உதாரணம் இல்லாத கோரிக்கை

ஜூலை 16, ஞாயிறு

வாசகர் வட்டத்துக்கு இன்று நிறையப் பேர் வந்திருந்தார்கள். அடுத்த வருடம் நாடாளுமன்றத் தேர்தல். எந்தக் கட்சி வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வந்தாலும் அவர் கையில் ஒரு கோரிக்கைப் பட்டியலைக் கொடுத்து, அங்கேயே பதில் கேட்பது என்று முடிவானது. எங்கள் தெருச் சாக்கடை, எங்கள் ஊர் பஸ் எதுவும் அதில் வரக்கூடாது. நாடு முழுவதற்கும் வேண்டிய சீர்திருத்தங்கள் மட்டும். எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

"இத்தனை வருசம் குடிமையியல் நடத்துன ஆளு இருக்கறப்ப நாங்க எழுதுனா நல்லாவாங்க சார் இருக்கும்?" என்றார் கிருஷ்ணவேணி டீச்சர். என்னோடு ஒரே பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் பாராட்டுகிறாரா, வேலையைத் தள்ளிவிடுகிறாரா என்பது ஒருநாளும் எனக்குப் புரிந்ததில்லை.

திரும்பும்போது பஸ்ஸிலேயே சில கோரிக்கைகள் தோன்றின. வருகைப் பதிவு போதாத மாணவனைப் பரீட்சை எழுத விடுவதில்லை. அவைக்கு வராத உறுப்பினர் மட்டும் எப்படி மறுபடி தேர்தலில் நிற்கலாம்? கோயில் நோம்பிக்கு நன்கொடை கொடுத்தவர் பெயரை மைக்கில் வாசிக்கிறோம். கட்சிக்குக் கொடுத்தவர் பெயரை ஏன் மறைக்க வேண்டும்? நம் பள்ளியில் சேர்ந்து படித்தவன் பரீட்சையன்று பக்கத்துப் பள்ளிக்காக எழுதினால் விடுவோமா? கட்சி மாறுகிறவர் பதவியை விட்டுவிட்டு மறுபடி மக்களிடம்தான் வரவேண்டும்.

உதாரணம் சொன்னால் யாருக்கும் விளங்கும். வகுப்பில் நான் கண்டது அது.

ஜூலை 18, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வந்தது. எல்லாக் குடங்களையும் பிடித்து வைத்தேன். கடைசிக் குடம் கலங்கலாக இருந்தது. அதை முருங்கைக்கு ஊற்றினேன்.

மருமகள் சுகந்தி கோரிக்கைகளைத் தட்டச்சு செய்து தருவதாகச் சொன்னாள். எம்.காம். படித்த பெண். எங்கள் ஊராட்சியின் தலைவரும் அவள்தான். பெண்களுக்கென்று ஒதுக்கிய இடம். வேலைகளையெல்லாம் என் மகன் சிவராஜ் பார்த்துக்கொள்கிறான். அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை.

ஜூலை 20, வியாழன்

காலையில் பென்ஷன் விஷயமாக ஒருவர் வந்து வாசலில் நின்றார். சுகந்தி கோலப்பொடியோடு வாசலில்தான் இருந்தாள். "தலைவர் இருக்காருங்களா?" என்று கேட்டார். "இருக்காருங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் சிவராஜை எழுப்பினாள். அவருக்கு மோர் கொடுத்தாள்.

மதியம் இட்லிக்கு ஊறப்போட்டோம். கோரிக்கைகள் ஒரு பக்கம் வந்திருக்கின்றன.

ஜூலை 23, ஞாயிறு

வட்டத்தில் வரைவை வாசித்தேன். நன்கொடை உதாரணத்துக்குக் கைதட்டினார்கள். குற்ற வழக்குள்ளவர் போட்டியிடுவது பற்றியும் நீண்ட நேரம் பேசினோம். பொய் வழக்குப் போட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. விரைவு நீதிமன்றம் என்று சேர்த்துக்கொண்டேன்.

கடைசியில் கிருஷ்ணவேணி டீச்சர் எழுந்தார். "இன்னொன்னு போடுங்க சார். பொம்பளைங்க ஜெயிச்சு வர்ற எடத்துல புருசனோ மகனோ உக்காந்து அதிகாரம் பண்ணுனா தண்டனைன்னு சட்டம் வேணும். சட்டம் வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணுக்குப் பாதுகாப்பும் வேணும்."

இது ஊராட்சி அளவிலான விஷயம், நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கிற பட்டியலில் பொருந்தாது என்றேன். பட்டியல் நீளக்கூடாது என்றும் சொன்னேன்.

"நாடு பூரா இருக்கற ஊராட்சியக் கூட்டுனா அதுதானுங்க சார் நாடு" என்றார்.

அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று முடித்தோம். வெளியே செருப்புப் போடும்போது, "உங்க மருமக என்ன சொல்லுதுன்னு கேட்டுப் பாருங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத் தலைவலி வந்துவிட்டது. வெயில்.

ஜூலை 24, திங்கள்

நான் சொல்லச் சொல்ல சுகந்தி தட்டினாள். வேகமான கை. அவைக்கு வராத உறுப்பினர் பற்றிய இடத்தில் நிறுத்தி, "கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போறவங்களை என்னங்க மாமா பண்றது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி என்றேன். 'அவையில் பேசிய நேரமும் கணக்கிடப்பட வேண்டும்' என்று சேர்த்தோம்.

முடிந்ததும், "அவ்வளவுதானுங்களா?" என்றாள்.

"அவ்வளவுதான் கண்ணு."

"டீச்சர் ஏதோ ஒன்னு சேக்கச் சொன்னாங்கன்னாங்களே."

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. இன்னும் முடிவாகவில்லை என்றேன். அவள் கணினியை மூடிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள்.

ஜூலை 28, வெள்ளி

தண்ணீர் பாட்டில் கம்பெனிக்காரர் ஒருவர் காரில் வந்தார். பொதுக் கிணற்றை ஒட்டிய ஊராட்சிப் புறம்போக்கில் ஆழ்குழாய் போட்டு ஆலை கட்டப் போகிறார்களாம். ஊராட்சி ஆட்சேபம் சொல்லவில்லை என்று கிராம சபைத் தீர்மானம் வேண்டும். ஊர்ப் பையன்களுக்கு வேலை தருவார்களாம். சிவராஜ் முன்பே பேசி முடித்துவிட்டான் போலிருக்கிறது. இருவரும் பழகியவர்கள் மாதிரி பேசினார்கள்.

சுகந்தி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "எத்தனை அடிக்குப் போடுவீங்க?" என்று கேட்டாள்.

அவர் ஒரு மடக்குக் குடித்து, "டீ அருமைங்க மேடம்" என்றார். சிவராஜ் சிரித்தான். நானும் மரியாதைக்குச் சிரித்தேன்.

கிழக்குத் தெரு ராமாத்தாள் வீட்டுக் குழாயில் வாரக் கணக்கில் தண்ணீர் வருவதில்லை. அந்தக் கிணற்றிலிருந்துதான் அங்கே ஏற்றுகிறார்கள். ஆனால் வேலைவாய்ப்பும் வேண்டியதுதானே. இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். தராசில் ஒரு தட்டை மட்டும் பார்த்து எடை சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

சுதந்திர தினக் கிராம சபைக்கான பொருள் குறிப்பில் கம்பெனி விஷயத்தைச் சேர்க்க சுகந்தி கையெழுத்துப் போடவில்லையாம். உள்ளறையில் சிவராஜ் சத்தம் போட்டான்.

"உன்னைய யாரு யோசிக்கச் சொன்னா? போடறதைப் போடு."

"கெணத்தை வித்துட்டு யாரு மொகத்துல முழிக்கறதுங்க?"

"தலைவருன்னு நெனப்பு வந்துருச்சாக்கும்?"

நான் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். திரும்பி வந்தபோதும் சத்தம் அடங்கவில்லை. மறுபடி போய் ஊற்றினேன்.

மாலையில் அவள் கதவோரத்தில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. நீலகிரித் தைலம் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 2, புதன்

குறிப்பில் அந்தப் பொருள் ஏறிவிட்டது. அவள் போட்ட கையெழுத்தா என்று நான் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

வட்டத்துக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்று சொல்லியனுப்பினேன். கிருஷ்ணவேணி டீச்சரே பழப்பையோடு பார்க்க வந்துவிட்டார். சுகந்தியின் மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். அடுப்படியில் அவளோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

போகும்போது என்னிடம் வந்தார். "உங்க ஊருல கிராம சபை நோட்டை வீடு வீடாக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிட்டு அப்பறந்தான் தீர்மானம் எழுதறாங்களாமா?"

பல ஊர்களிலும் அதுதான் வழக்கம் என்றேன். வேலையை விட்டுவிட்டு எல்லோரும் சபைக்கு வர முடியாது. கையெழுத்துக் குறைந்தால் மேலே கேள்வி வரும். அதனால் முதல் நாளே வாங்கிவிடுவார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. வாத்தியார் போட்டுவிட்டார் என்றால் மற்றவர்கள் படித்துப் பார்க்காமல் போடுவார்கள். ஊர் என் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை அது.

இதை அவரிடம் பெருமையாகத்தான் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9, புதன்

அவரைக்காய் நறுக்கிக்கொண்டே சுகந்தி கேட்டாள். "மாமா, ஒரு சந்தேகமுங்க. சபையில தலைவரே ஒரு தீர்மானம் வேண்டாம்னு சொன்னா என்னங்க ஆகும்?"

எனக்குப் பிடித்த வகைக் கேள்வி. பொறுமையாகச் சொன்னேன். தலைவரின் விருப்பம் மட்டும் போதாது, சபையின் கருத்துதான் முக்கியம். கை தூக்கச் சொல்லலாம். பெரும்பான்மை எதிர்த்தால் தீர்மானம் விழும். மேற்பார்வைக்கு வரும் அலுவலர் அதை அப்படியே பதிய வேண்டும். வகுப்புத் தலைவனைத் தேர்ந்தெடுத்த கதையை உதாரணமாகச் சொன்னேன். அவள் முழுதும் கேட்டாள்.

"நீங்க சட்டத்தைச் சொல்லிட்டீங்க. இந்த வீட்டுல என்ன ஆகும்னு கேட்டேனுங்க."

அவரைக்காய் நரம்பை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதில் தெரியாத கேள்விக்கு நாளை சொல்கிறேன் என்று வகுப்பில் சொல்வேன். மறுநாள் கட்டாயம் படித்துவிட்டு வந்து சொல்வேன். அவளிடம் அப்படிக்கூடச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12, சனி

சிவராஜ் கெட்டவன் இல்லை. கண் ஆபரேஷனுக்கு என்னைக் கோயம்புத்தூர் அழைத்துப்போய், சொட்டு மருந்து நேரம் தவறாமல் விட்டவன். அவன் அம்மா போன பிறகு என்னைத் தனியாகச் சாப்பிட விட்டதில்லை. கொரோனா சமயத்தில் ஊர் முழுவதும் மருந்து தெளிக்கக் கூடவே நடந்தான். மக்கள் அவனைத் தலைவர் என்று கூப்பிடுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

இன்று அவனிடம் பேசினேன். "அந்தப் பொண்ணுக்கு இஷ்டமில்லீன்னா உட்டுரு சாமி."

"வாக்குக் குடுத்துட்டனுங்கப்பா. இப்ப மாத்திப் பேசுனா வெளியில தலைகாட்ட முடியாது."

"அவ பேருல நீ எப்படி வாக்குக் குடுக்கறது?"

"ஏனுங்கப்பா, அவளை நிக்க வெக்கறப்ப நீங்க என்ன சொன்னீங்க? பேருக்கு நின்னாப் போதும், மத்ததைச் சிவராஜு பாத்துக்குவான்னு சொன்னீங்களா இல்லீங்களா? பாத்துக்கறேன்."

சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னான். "நோட்டு திங்கக்கெழமை வரும். மொதக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

ஆகஸ்ட் 14, திங்கள்

ஊராட்சிச் செயலர் செல்லமுத்து நோட்டோடு வந்தார். மேலே தேதி, கீழே கோடுகள், நடுவில் வெற்றிடம். எப்போதும் அப்படித்தான் இருக்கும். இன்றுதான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன்.

"என்ன எழுதுவீங்க செல்லமுத்து?"

"வழக்கமா எழுதறதுதானுங்கய்யா."

"எழுதிக் கொண்டாங்க. படிச்சுப்போட்டுப் போடறேன்."

அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "நாஞ் சின்ன ஆளுங்கய்யா. தலைவருகிட்ட என்னன்னு சொல்றது?"

எந்தத் தலைவரிடம் என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கை நடுங்குகிறது, நாளைக்குச் சபையில் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியனுப்பினேன். மறுத்தேன் என்று இதை எழுத முடியாது. நழுவினேன்.

இருட்டும் முன் செல்லமுத்து தெருவில் திரும்பிப் போவதைப் பார்த்தேன். நோட்டை அதிகம் கையெழுத்து விழாமல் ஏறக்குறைய அப்படியே கொண்டுபோகிறார் என்று பால்காரர் சொன்னார். "வாத்தியாரய்யா போட்டாச்சான்னு எல்லாருங் கேக்கறாங்களாமா."

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேற்றம் பள்ளி வளாகத்தில். சபை அங்கேயே வேப்பமரத்தடியில். மிட்டாய் கொடுத்ததும் பாதிப் பேர் போய்விடுவது வழக்கம். இன்று போகவில்லை. நூறு நாள் வேலைப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சுகந்தி சனிக்கிழமையும் நேற்றும் வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ப் பேசியிருக்கிறாள். இது எனக்கு அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

சாலை, தெருவிளக்கு எல்லாம் வாசித்து முடித்து, சிவராஜ் கம்பெனித் தீர்மானத்தை வாசித்தான். வாசித்துவிட்டு, "ஆட்சேபணை இல்லீங்களே? அடுத்தது..." என்றான்.

சுகந்தி எழுந்தாள். குறிப்புத் தாளை எடுத்து அலுவலர் முன்னால் வைத்தாள். "எனக்கு ஆட்சேபணை இருக்குதுங்க. குறிப்புல இருக்கற கையெழுத்து என்னுதில்லீங்க."

"உக்காரு" என்றான் சிவராஜ்.

மேற்பார்வைக்கு வந்த அலுவலர் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "குடும்பப் பிரச்சனைய வீட்டுல பேசிக்கலாமேம்மா."

"இது ஊரு கெணறுங்க சார்" என்றாள் அவள். "எதுக்கறவங்க கை தூக்கட்டும். எண்ணிக்கையப் பதிவு பண்ணுங்க."

சிலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள் என்று நினைக்கிறேன். சிவராஜ் நிச்சயமாகப் பார்த்தான். காய்ச்சல் வந்த இரவுகளில் சின்ன வயதில் பார்ப்பான், அதே பார்வை.

ராமாத்தாள் கை தூக்கினாள். "எங்கூட்டுக் கொடத்துக்கு யாரு பதில் சொல்லுவா? எழுதிக்குங்க சார், ராமாத்தாளுன்னு." பக்கத்தில் இருந்த பெண் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் ஒருவர். பிறகு முன்வரிசை முழுவதும்.

நானும் தூக்கினேன். ஆனால் அதற்குப் பிறகுதான். வரிசையாகக் கைகள் எழுந்த பிறகு, நான் தூக்கியதால் எதுவும் மாறிவிடாது என்று ஆன பிறகு.

தீர்மானம் விழுந்தது. அலுவலர் பதிந்தார். சிவராஜ் மைக்கைக் கீழே வைத்துவிட்டு நடந்து போய்விட்டான். சுகந்தி அடுத்த பொருளை வாசித்தாள். குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்வது பற்றி.

ஆகஸ்ட் 16, புதன்

சிவராஜ் தோட்டத்துச் சாளை வீட்டில் தங்கியிருக்கிறான். துணிகளை எடுக்க வந்தான். சுகந்தி சட்டைகளை மடித்துக் கொடுத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான்.

"நீங்களுமாங்கப்பா" என்றான் என்னிடம்.

சுகந்தியின் அண்ணன் போனில் கூப்பிட்டு, அவளைக் கொஞ்ச நாள் அங்கே அனுப்பிவைக்கச் சொன்னார். போகிறாயா என்று கேட்டேன். "ஆபீசுக்கு யாருங்க போறது?" என்றாள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

வட்டத்தில் பட்டியலை இறுதி செய்தோம். கிருஷ்ணவேணி டீச்சர் சொன்னதை நானே எழுதிக் கொண்டுபோயிருந்தேன். தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணின் இடத்தில் குடும்பத்தார் யாரும் அதிகாரம் செய்தால் தண்டனை. புகார் கொடுக்கும் பெண்ணுக்கு வீட்டுக்குள்ளும் பாதுகாப்பு. அந்தப் பெண்ணைத் தேர்தலில் நிறுத்திவிட்டு, பேருக்குத்தான் என்று சொல்கிறவர்களையும் சேர்க்க வேண்டும் என்று எழுதி, சட்டத்தில் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் அடித்துவிட்டேன்.

வாசித்தேன். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். "மத்ததுக்கெல்லாம் உதாரணம் இருக்குது. இதுக்கு மட்டும் காணமுங்களே சார்?" என்று ஒருவர் கேட்டார்.

டீச்சர் எனக்கு முன்னால் பேசினார். "எல்லாத்துக்கும் உதாரணம் வேணுமாக்கும்? அடுத்ததுக்குப் போலாம் வாங்க."

அவர் பேச்சில் எப்போதும் வரும் சந்தேகம் இந்த முறை எனக்கு வரவில்லை. என்னைக் காப்பாற்றினார்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

சுகந்தி காலையிலேயே ஆபீசுக்குப் போய்விட்டாள். கம்பெனிக்காரர்கள் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறார்களாம். அதற்குப் பதில் தயாரிக்க வேண்டும். சமைக்க நேரமில்லை, மதியம் வாங்கிவருகிறேன் என்றாள். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பதினோரு மணிவாக்கில் சிவராஜ் வந்தான். மோட்டார் சாவியைத் தேடி வந்ததாகச் சொன்னான். சாவி ஆணியிலேயே தொங்கியது. எடுத்துக்கொண்டும் போகாமல் நின்றான். நான் புளி இருக்கும் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். அவனும் தேடினான். இந்த வீட்டில் இத்தனை வருடம் சாப்பிட்ட இரண்டு பேருக்கும் புளி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கடைசியில் எலுமிச்சம்பழம் கிடைத்தது. அதுவே போதும் என்று ரசம் வைக்கத் தொடங்கினோம். மோசமான ரசம்.

"கேஸ் போடுவாளாங்கப்பா, கையெழுத்துக்கு?" என்றான் தக்காளியை நசுக்கிக்கொண்டே.

"தெரியலை. போட்டா உண்மையைத்தான் சொல்லோணும். என்னையக் கேட்டாலும்."

தலையாட்டினான். அரிசியை அவன்தான் அளந்தான். இரண்டு பேருக்குப் போட்டுவிட்டு, படியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். பிறகு இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டான். தண்ணீரும் ஊற்றினான். நான் பார்க்காதது போல அப்பளம் எடுத்தேன்.

அவள் வருவதற்கு முன்பே சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மூன்று மணிக்கு சுகந்தி வந்தாள். பையை வைத்துவிட்டுப் பானையைத் திறந்து பார்த்தாள்.

"யாருங்க மாமா ஆக்குனது?"

சொன்னேன்.

மூடியைக் கையில் பிடித்தபடி நின்றாள். நான் ஏதாவது சொல்ல வேண்டுமோ என்று தோன்றியது. அப்பளத்தை எடுத்து அவள் பக்கம் வைத்தேன்.

"சோறு கொழஞ்சு போச்சுங்க" என்றாள். பிறகு தட்டை எடுத்துத் தனக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.